தண்டவாளமும் கணக்கேடும்

புகைவண்டியில் ஏறி அமரும் ஒருவர், வண்டி எப்போது ஊர் போய்ச் சேரும் என்று கேட்பார். சன்னலோரம் இடம் கிடைக்குமா என்று பார்ப்பார். இந்தப் பாதையை யாருடைய பணத்தில் போட்டார்கள், அந்தப் பணத்திற்கு யார் கணக்குச் சொன்னார்கள் என்று கேட்பவர் அரியர். ஆனால் அந்தக் கேள்வி எழுந்த நாடுகளில் அரசுகள் கவிழ்ந்திருக்கின்றன. அதை எழுப்பாமல் விட்ட நாடுகளில் தலைமுறைகள் கடன் கட்டியிருக்கின்றன.

தமிழாசிரியருக்கும் தண்டவாளத்துக்கும் என்ன உறவு என்று சிலர் வினவலாம். விடுதலைக் காலத் தமிழ் இலக்கியத்தை வகுப்பில் நடத்தும்போது, 1906-இல் தூத்துக்குடியில் வ.உ.சிதம்பரனார் நிறுவிய சுதேசிக் கப்பல் நிறுவனத்தைப் பற்றி நாம் ஆண்டுதோறும் சொல்லி வருகிறோம். ஒரு பங்கு 25 ரூபாய் என்று வைத்து, எளியவரும் பங்குதாரராக அந்நிறுவனம் வழி திறந்ததையும், ஹாஜி பக்கீர் முகமது சேட் 8,000 பங்குகளை வாங்கி இரண்டு இலட்சம் ரூபாய் தந்து தோள் கொடுத்ததையும் சொல்லும்போது மாணவர் முகங்களில் ஒளி படர்வதைக் கண்டிருக்கிறோம். ஒருமுறை பின்வரிசையில் இருந்த மாணவர் ஒருவர் எழுந்து, "ஐயா, இதைப் போல வேறு நாட்டிலும் மக்கள் பணம் போட்டிருக்கிறார்களா? அவர்களுக்கு என்ன ஆயிற்று?" என்று கேட்டார். அந்த வினாவின் பின்னால் போனதில் நாம் படித்தவற்றையும் எண்ணியவற்றையுமே இம்மலரில் பகிர்ந்து கொள்கிறோம்.

ஐந்து விழுக்காட்டு உறுதி

முதலில் நம் நாட்டைச் சுருக்கமாகப் பார்த்துவிடுவோம். 1853-இல் பம்பாயிலிருந்து தாணாவுக்கும், 1856-இல் சென்னை இராயபுரத்திலிருந்து வாலாஜா சாலைக்கும் வண்டி ஓடியது. நாகப்பட்டினத்தில் தொடங்கிய பாதை 1862-இல் திருச்சிராப்பள்ளியை அடைந்தது. இவற்றை அமைத்தவை இலண்டனில் பதிவான தனியார் நிறுவனங்கள். அவற்றுக்கு நிலம் இலவசம். போட்ட முதலுக்கு ஆண்டுக்கு ஐந்து விழுக்காடு வட்டி நிச்சயம். வண்டி ஓடி இலாபம் வந்தாலும் வராவிட்டாலும் அந்த ஐந்து விழுக்காடு இந்திய வருவாயிலிருந்து போய்ச் சேரும். அதாவது, நட்டம் வந்தால் அதைச் சுமப்பவன் நம் ஊர் உழவன்; இலாபம் வந்தால் அதை நுகர்பவர் கடல் கடந்த பங்குதாரர்.

இத்தகைய ஏற்பாட்டில் சிக்கனம் எங்கிருந்து வரும்? வைசிராயின் அவையில் நிதி உறுப்பினராக இருந்த வில்லியம் மாசி என்பவரே 1872-இல் பிரிட்டிஷ் நாடாளுமன்றக் குழுவின் முன் இதை ஒப்புக்கொண்டார். ஐந்து விழுக்காடு உறுதியாகிவிட்ட முதலீட்டாளருக்கு, தாம் தந்த பணம் செங்கல்லும் சுண்ணாம்புமாக மாறினால் என்ன, ஊக்ளி ஆற்றில் வீசப்பட்டால் என்ன, எல்லாம் ஒன்றுதான் என்பது அவர் வாக்குமூலத்தின் சாரம். இந்தியச் செல்வம் வெளியே வடிந்து போகும் வழிகளுள் ஒன்றாகத் தாதாபாய் நௌரோஜி இருப்புப்பாதைகளைக் காட்டியதற்குக் காரணம் இதுவே. பாதை வேண்டாம் என்று அவர் சொல்லவில்லை. பாதையின் பயன் எவருக்குப் போகிறது என்றே கேட்டார்.

அயல்நாட்டு மூலதனம் என்றதும் நம் நினைவுக்கு வருவது இந்தச் சித்திரமே. அயலார் முதலிட்டார், ஆதாயம் கொண்டார், நாம் இழந்தோம் என்று கதையை அத்துடன் முடித்துவிடலாம். ஆனால் சீனத்தின் வரலாற்றைப் படித்தபோது, கதைக்கு இன்னொரு பாதி உண்டு என்பது நமக்குப் புலனாயிற்று.

சீனம் கண்ட மூன்று வழிகள்

சீனத்தில் முதல் இருப்புப்பாதை ஏமாற்றில் பிறந்தது. ஷாங்காயிலிருந்து வூசுங் வரை சாலை போடுவதாகச் சொல்லி நிலம் வாங்கிய பிரிட்டிஷ் வணிகர்கள் 1876-இல் அங்கே வண்டியை ஓட்டினார்கள். சீன அரசு அதை விலை கொடுத்து வாங்கி, 1877-இல் தண்டவாளத்தைப் பெயர்த்து எடுத்துவிட்டது. இதைக் கேட்டு நகைப்போர் உண்டு. ஆனால் அனுமதியின்றித் தம் மண்ணில் போட்ட பாதையை ஓர் அரசு ஏற்க மறுத்ததில் நியாயம் இல்லை என்று எப்படிச் சொல்வது?

1895-இல் ஜப்பானிடம் தோற்ற பிறகு சீனத்தால் அப்படி மறுக்க இயலவில்லை. வடக்கே ரஷ்யா, ஷான்டுங்கில் ஜெர்மனி, யுன்னானில் பிரான்சு என்று ஆளுக்கொரு திசையில் பாதை போடும் உரிமை பெற்றனர். பெக்கிங்-ஹாங்கோ பாதைக்கு 1898-இல் பெல்ஜியம் கடன் தந்தது. பாதை போன இடமெல்லாம் சுரங்க உரிமையும் படைக்காவலும் உடன் போயின. வரைபடத்தில் கறுப்புக் கோடாகத் தெரிந்த ஒவ்வொரு பாதையும் நாட்டைக் கூறுபோடும் கத்தியாகவே சீனருக்குத் தோன்றியது.

கான்டன்-ஹாங்கோ பாதையின் கதை இன்னும் கேட்கத்தக்கது. 1898-இல் அதை அமைக்கும் உரிமை ஓர் அமெரிக்க நிறுவனத்துக்குக் கிடைத்தது. வேறு நாட்டவர்க்கு அதை மாற்றக் கூடாது என்பது ஒப்பந்தம். ஆனால் அந்நிறுவனத்தின் பங்குகளில் பெரும்பகுதி பெல்ஜியர் கைக்குப் போய்விட்டது. சீன மாநிலங்களில் கிளர்ச்சி எழுந்தது. மாணவரும் வணிகரும் உரிமையை மீட்க வேண்டும் என்று முழங்கினர். 1905-இல் ஜாங் ஜிதோங் என்னும் பெரும் ஆளுநர் 67.5 இலட்சம் டாலர் கொடுத்து உரிமையைத் திரும்ப வாங்கினார். அதுவரை அங்கே போடப்பட்டிருந்தது ஒரு சிறு கிளைப்பாதை மட்டுமே! அந்த மீட்புப் பணத்துக்காக அவர் கடன் வாங்கியது யாரிடம் என்றால், ஹாங்காங்கை ஆண்ட பிரிட்டிஷ் அரசிடம். ஓர் அயலாரிடமிருந்து விடுபட மற்றோர் அயலாரிடம் கைநீட்ட வேண்டியிருந்தது. நாட்டுப்பற்று பொய்யன்று, கருவூலம் காலியாக இருந்ததும் பொய்யன்று.

இதே காலத்தில் நம்பிக்கை ஊட்டும் செய்தி ஒன்றும் உண்டு. பெக்கிங்கிலிருந்து மலைகளைக் கடந்து கல்கன் வரை செல்லும் பாதைக்காகப் பிரிட்டனும் ரஷ்யாவும் போட்டியிட்டன. இருவருக்கும் கொடுக்காமல், தன் இருப்புப்பாதை வருவாயைக் கொண்டே அதை அமைக்கச் சீன அரசு துணிந்தது. பொறுப்பேற்றவர் அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகத்தில் படித்துத் திரும்பிய ஜான் தியன்யூ என்னும் பொறியாளர். 1905-இல் தொடங்கிய பணியை அவர் 1909-இல் முடித்தார். செங்குத்தான மலைச்சரிவில் வண்டி முன்னும் பின்னுமாக மாறி ஏறும்படி பாதையை மடக்கி அமைத்தார். குறித்த காலத்திற்கு முன்பே, மதிப்பிட்ட செலவைவிடக் குறைவான தொகையில் அது நிறைவேறிற்று. அயலார் இல்லாமல் முடியாது என்பவர்க்கு இது ஒரு விடை. ஆனால் அந்த விடைக்குள் இருந்தவை இரண்டு: நாட்டின் பணம் ஒன்று, நேர்மையாகக் கணக்கு வைத்த ஒருவர் மற்றொன்று. இரண்டாவது இல்லாதபோது முதலாவது என்ன ஆகும் என்பதைச் செச்சுவான் மாநிலம் காட்டியது.

செச்சுவான் மக்களின் நெல்லும் மலாயா ரப்பரும்

செச்சுவான் மலை சூழ்ந்த மேற்கு மாநிலம்; யாங்சி ஆற்றின் பயங்கரப் பள்ளத்தாக்குகளைக் கடந்துதான் வெளியுலகை அடைய வேண்டும். அங்கிருந்து ஹாங்கோ வரை மக்கள் பணத்திலேயே பாதை போட 1904-இல் ஒரு நிறுவனம் அமைந்தது. அயலாருக்குப் பங்கு கிடையாது. ஆனால் விரும்பிப் பங்கு வாங்கும் செல்வர் போதவில்லை. ஆகவே நிலவருவாயில் நூற்றுக்கு மூன்று பங்கு தானியத்தைப் பிடித்து, அதைப் பங்குத்தொகையாக வரவு வைத்தார்கள். இவ்வாறு சிறிய நிலக்காரர்கள் கூட, கேட்டோ கேளாமலோ, இருப்புப்பாதையின் உடைமையாளர் ஆயினர். ஒரு கோடி தேலுக்கு மேல் (தேல் என்பது சீனர் வழங்கிய வெள்ளி நிறை) திரண்டது.

பணம் திரண்டதே தவிரப் பாதை நீளவில்லை. 1909-இல்தான் யீச்சாங்கில் பணி தொடங்கிற்று. இடைப்பட்ட காலத்தில் கைவசம் இருந்த பணத்தின் ஒரு பகுதி ஷாங்காய் நகரத்து நாட்டு வங்கிகளில் கிடந்தது. 1910-ஆம் ஆண்டு ஷாங்காயைப் பிடித்தாட்டியது ரப்பர் பங்குப் பித்து. மலாயாவிலும் சுமத்ராவிலும் ரப்பர்த் தோட்டம் வைத்திருப்பதாகச் சொல்லிக்கொண்ட நிறுவனங்களின் பங்குகளை, தோட்டத்தைக் கண்ணால் பாராதவரெல்லாம் வாங்கிக் குவித்தனர். அவ்வாண்டு நடுவில் ரப்பர் விலை சரிந்தது. வங்கிகள் அடுத்தடுத்து வீழ்ந்தன. செச்சுவான் நிறுவனத்தின் ஷாங்காய்ப் பொறுப்பாளராக இருந்த ஷி தியன்ஜாங் என்பவர் கையாண்ட பணத்தில் ஏறத்தாழ 30 இலட்சம் தேல் அந்தச் சூதாட்டத்தில் மறைந்தது.

இதைப் படித்தபோது நாம் சிறிது நேரம் நூலை மூடி வைத்துவிட்டோம். நம் குடும்பங்களில் பினாங்குக்கும் கோலாலம்பூருக்கும் போகாத குடும்பம் எது? மலாயா இரப்பர்க் காடுகளில் விடியலுக்கு முன்னே எழுந்து பால் வெட்டியவர்கள் பெரும்பாலும் தமிழ்நாட்டிலிருந்து கப்பலேறிய ஏழைகள். அவர்கள் வியர்வையில் ஊறிய மரத்தை வைத்து ஷாங்காயில் எவரோ சூதாடினார்கள். அந்தச் சூதில் தோற்றது, எங்கோ மலைநாட்டில் தன் களத்து நெல்லில் நூற்றுக்கு மூன்று அளந்து கொடுத்த சீன உழவனின் பணம். அந்தத் தமிழனும் அந்தச் சீனனும் ஒருவரையொருவர் அறியார். இருவர் உழைப்பும் ஒரே பேரேட்டில் வரவும் நட்டமுமாக எழுதப்பட்டதையும் அறியார்.

ஈண்டு ஒன்றைக் கருத வேண்டும். இந்தப் பணத்தை அயலார் பறிக்கவில்லை. நாட்டின் பெயரால் திரட்டியவரே, நாட்டுக்கென்று திரட்டியதை, நாட்டு மக்களுக்குச் சொல்லாமல் இழந்தார்கள். வேலியே பயிரை மேய்ந்தது.

மரப்பலகையில் வந்த செய்தி

1911 மே திங்களில் சீனப் பேரரசு ஓர் ஆணை பிறப்பித்தது: முதன்மைப் பாதைகள் அனைத்தும் இனி அரசுடைமை. அதைச் செய்தவர் போக்குவரத்து அமைச்சர் ஷெங் சுவான்ஹுவாய். பல ஆண்டுகளாக இருப்புப்பாதை நிர்வாகமும் ஹான்யாங் இரும்பாலையும் அவர் கையிலேயே இருந்தன; தண்டவாளம் வாங்குபவரும் விற்பவரும் ஒருவராகவே இருந்த விந்தையை அக்காலத்தார் கண்டிருந்தார்கள். ஆணை வந்த சில நாளிலேயே பிரிட்டிஷ், பிரெஞ்சு, ஜெர்மன், அமெரிக்க வங்கிகள் நான்கு தரப்புக்கும் பொதுவாக, ஐந்து விழுக்காடு வட்டியில் 60 இலட்சம் பவுன் கடனுக்கு ஒப்பந்தம் கையெழுத்தாயிற்று. பிணையாக வைக்கப்பட்டவை ஹூபே, ஹூனான் மாநிலங்களின் வரிகள்.

அமைச்சர் தரப்பிலும் வாதம் இருந்தது என்பதை நடுநிலையோடு சொல்ல வேண்டும். மாநில நிறுவனங்கள் பணத்தைத் தின்றன, பாதை போடவில்லை என்றார் அவர். அது உண்மையே. ஆனால் அதற்கு அவர் கண்ட மருந்து, மக்கள் சொத்தைக் கேளாமல் எடுத்து அயலாரிடம் அடகு வைப்பது. அதிலும் நீதி சமமாக இல்லை. ஹூபே, ஹூனான் பங்குதாரர்களுக்கு முழுத்தொகைக்கும் வழி சொன்ன அரசு, செச்சுவான் மக்களின் ரப்பர் நட்டத்தை மட்டும் ஏற்க மறுத்தது. உங்கள் ஆட்கள் தொலைத்த பணத்துக்கு அரசு பொறுப்பாகாது என்றது. அரசு ஆணையால் கட்டாயமாகப் பிடித்த பணம் அது என்பதை அரசு வசதியாக மறந்தது.

சூன் திங்களில் செங்டு நகரில் பாதைக் காப்புச் சங்கம் தோன்றியது. ஆகஸ்டில் கடைகள் அடைத்தன, பள்ளிகள் மூடின, மக்கள் வரி கொடுக்க மறுத்தனர். அவர்கள் கையாண்ட முறை சிந்திக்கத் தக்கது. மறைந்த பேரரசர் குவாங்சூவின் பெயர்ப் பலகையைத் தெருத்தோறும் வைத்து வணங்கினார்கள். அரசுக் காரியங்கள் பொதுமக்கள் கருத்துக்கு உரியவை என்றும், செச்சுவான் பாதை வணிகர் கையிலேயே இருக்கும் என்றும் பொருள்படும் அவருடைய ஆணைச் சொற்களை இருபுறமும் எழுதினார்கள். குதிரை மீது வரும் அதிகாரி அதன் முன் இறங்கியாக வேண்டும். நாங்கள் கலகக்காரர் அல்லர், நீங்கள் கொடுத்த வாக்கையே திருப்பிக் கேட்கிறோம் என்பது அதன் பொருள்.

செப்டம்பர் 7 அன்று ஆளுநர் ஜாவ் எர்ஃபெங் சங்கத் தலைவர்களைச் சிறைப்பிடித்தார். அவர்களை விடுவிக்கக் கோரி மாளிகை முன் திரண்ட மக்கள் மீது படையினர் சுட்டனர். முப்பதுக்கு மேற்பட்டோர் மாண்டனர். நகர வாயில்கள் அடைபட்டன. தந்தியும் அஞ்சலும் நின்றன. அப்போது சிலர் நூற்றுக்கணக்கான மரப்பலகைகளில் நடந்ததை எழுதி, எண்ணெய் பூசி ஆற்றில் விட்டார்கள். பலகைகள் நீரோடு மிதந்து கீழ்த்திசை ஊர்களுக்குச் செய்தியைக் கொண்டு சேர்த்தன. அவற்றை நீர்த்தந்தி என்று இன்றும் சீனர் சொல்கின்றனர்.

செச்சுவானை அடக்க ஹூபே மாநிலத்துப் படைகள் அனுப்பப்பட்டன. அதனால் வலுக்குன்றிய வூச்சாங் நகரில் அக்டோபர் 10 அன்று புரட்சி வெடித்தது. 1912 பிப்ரவரி 12-இல் கடைசிப் பேரரசர் முடி துறந்தார். ஈராயிரம் ஆண்டு முடியாட்சி, ஓர் இருப்புப்பாதைக் கணக்கில் தொடங்கிய சச்சரவின் வழியே முடிவுக்கு வந்தது. வேறு காரணங்களும் பல இருந்தன. ஆயினும் தீப்பொறி இதுவே.

மக்கள் வென்றார்கள், பாதை வந்ததா என்று கேட்டால், வரவில்லை. 1913-இல் செங்டு நகரில் மாண்டவர்க்கு உயர்ந்த நினைவுத்தூண் எழுப்பி, அதில் தண்டவாளமும் எஞ்சினும் செதுக்கினார்கள். மாநிலத்தின் முதல் பெரும் பாதையான செங்டு-சுங்கிங் பாதை 1952-இல்தான் திறக்கப்பட்டது. யீச்சாங்கிலிருந்து மேற்கே மலைகளைக் குடைந்து செல்லும் பாதை 2010-இல் முடிந்தது. அந்தக் கடன் பத்திரங்களோ வாங்கியவர் கைகளில் பல்லாண்டு வாழ்ந்து, 1979-இல் அமெரிக்க நீதிமன்றம் ஒன்றில் வழக்காகவும் வந்து, பின்னர் தள்ளுபடி ஆயின. புரட்சியின் தலைவரான சன் யாட்-சென்னே 1912-இல் இருப்புப்பாதைப் பொறுப்பேற்றபோது, நாடளாவிய பாதைகளுக்கு அயல்நாட்டு மூலதனம் தேவை என்றுதான் சொன்னார். அயலார் பணம் என்பதே நஞ்சு என்று அவர் கருதவில்லை. எந்த நிபந்தனையில், யார் மேற்பார்வையில் என்பதே அவருக்கும் வினாவாக இருந்தது.

ஹிஜாஸ் இருப்புப்பாதை

நம் பெரியவர்கள் பலர் அறிந்த இன்னொரு பாதையை இதனோடு ஒப்பிட்டுப் பார்க்கலாம். உதுமானியப் பேரரசு கடனில் மூழ்கி, 1881 முதல் அதன் வரிகளில் ஒரு பகுதியை ஐரோப்பியக் கடன்காரர்களின் நிர்வாகமே வசூலித்து வந்த காலம். பாக்தாத் பாதைக்கு ஜெர்மானிய வங்கி முதலிட்டது; கிலோமீட்டர் கணக்கில் அரசு உத்தரவாதத் தொகை தர வேண்டியிருந்தது. இந்நிலையில் 1900-ஆம் ஆண்டு சுல்தான் இரண்டாம் அப்துல் ஹமீது, டமாஸ்கசிலிருந்து மதீனாவுக்கு ஒரு பாதையை அயல்நாட்டுக் கடன் இன்றியே அமைப்பதாக அறிவித்தார்.

உலக முஸ்லிம்களிடம் நன்கொடை கேட்கப்பட்டது. சுல்தானும் ஈரானின் ஷாவும் ஐம்பதாயிரம் லிரா வீதம் வழங்கினர். எகிப்திலிருந்தும் இந்தியாவிலிருந்தும் பணம் போயிற்று. குர்பானித் தோல் விற்ற காசும் சேர்ந்தது. நன்கொடையாளருக்குத் தொகைக்கேற்பப் பதக்கங்கள் வழங்கப்பட்டன. நன்கொடை போதாதபோது, அரசு ஊழியர் ஊதியத்தில் பிடித்தமும் முத்திரைத்தாள் வரியும் துணையாயின. மண் வெட்டியவர்கள் பெரும்பாலும் போர்வீரர்கள். தலைமைப் பொறியாளர் மைஸ்னர் என்னும் ஜெர்மானியர். தண்டவாளமும் எஞ்சினும் வெளிநாட்டில் வாங்கியவை. ஆக, அறிவையும் பொருளையும் அயலாரிடம் விலைக்குப் பெற்றனர், உரிமையை விற்கவில்லை. ஒட்டகத்தில் நாற்பது நாள் சென்ற தொலைவை, 1908-இல் ஏறத்தாழ 1,300 கிலோமீட்டர்ப் பாதை முடிந்தபோது சில நாட்களில் கடக்க முடிந்தது.

குறை இல்லாத முயற்சி என்று இதைச் சொல்வதற்கில்லை. ஊதியப் பிடித்தம் எளிய ஊழியரை வருத்தியது. ஹாஜிகளைப் போலவே படைகளையும் அந்தப் பாதை ஏற்றிச் சென்றது. ஒட்டக வாடகையில் பிழைத்த பாலைவனக் குடிகளின் வயிற்றில் அடித்தது, அவர்கள் எதிர்த்தார்கள். மக்கா வரை நீட்டும் எண்ணம் நிறைவேறவே இல்லை. முதல் உலகப் போரில் பாதையின் பல பகுதிகள் தகர்க்கப்பட்டன. மதீனா நிலையம் இன்று அருங்காட்சியகம். ஆயினும் எட்டே ஆண்டுகளில் மக்கள் காசு பாலைவனத்தில் தண்டவாளமாகக் கண்முன் நீண்டது. செச்சுவானில் ஏழாண்டு திரட்டிய பணமோ சில மைல் பாதைக்கு மேல் காட்டவில்லை. இரண்டிடத்தும் பற்று ஒன்றே. பணத்தைப் பாதையாக்கும் ஒழுங்கில்தான் வேறுபாடு.

எம் ஊர்க் கணக்கு

பெரிய நாடுகளின் கதை நமக்கு எதற்கு என்று தோன்றலாம். எம் இளமைக்கால நிகழ்ச்சி ஒன்றை இங்கே சொல்வது பொருந்தும். எம் ஊரில் வசதி படைத்த சிலர் கூடி, ஊர்ப் பணம் ஊருக்கே என்று சொல்லி ஒரு கூட்டு வணிக நிதி தொடங்கினார்கள். வெளியூர் வட்டிக்காரர்களிடமிருந்து விடுதலை என்பது அவர்கள் பேச்சு. அந்தப் பேச்சில் உண்மையும் இருந்தது. எம் தந்தையார் சிறு கடை வைத்திருந்தவர். தம் சக்திக்கு ஏற்ற தொகையைப் போட்டார். சில ஆண்டுகளில் நிதி முடங்கியது. யாரும் திருடினார் என்று நாம் சொல்லவில்லை. என்ன நடந்தது என்பது எவருக்கும் தெரியவில்லை என்பதுதான் துயரம். தந்தையார் இழந்த தொகையைப் பற்றி ஒருநாளும் வருந்திப் பேசியதில்லை. "ஒரு வெள்ளிக்கிழமையாவது கணக்கை வாசித்திருக்கலாம்" என்று மட்டும் சொல்வார்.

அவர் சொல்லில் குறிப்பு உண்டு. அதே ஊர்ப் பள்ளிவாசலில் ஒவ்வொரு ஜும்ஆவுக்குப் பின்னும், அன்றைய வசூல் இவ்வளவு, செலவு இவ்வளவு என்று கரும்பலகையில் சுண்ணக்கட்டியால் எழுதுவார்கள். ஐந்து ரூபாய் எண்ணெய்ச் செலவும் அதில் இருக்கும். எழுத்தறியாதவர் பக்கத்தில் நிற்பவரை வாசிக்கச் சொல்லிக் கேட்பார். அந்தப் பலகையைக் கேள்வி கேட்டவரை ஊர் துரோகி என்று யாரும் சொன்னதில்லை. ஆனால் கூட்டு நிதியின் கணக்கைக் கேட்டவர்களை, "நம்மவர்களையே சந்தேகிக்கிறாயா?" என்று அடக்கினார்கள். நம்மவர் என்ற சொல் கணக்கேட்டை மூடும் பூட்டாகிவிட்டது.

இந்தப் பூட்டு எந்த நாட்டிலும் உண்டு. அமெரிக்காவில் கண்டம் கடந்த பாதை 1869-இல் முடிந்தபோது நாடே கொண்டாடியது. அதன் கட்டுமான ஒப்பந்தத்தைத் தாங்களே தங்களுக்குக் கொடுத்துக்கொண்டு, அதன் பங்குகளை நாடாளுமன்ற உறுப்பினர்க்கு மலிவாக வழங்கிய கிரெடிட் மொபிலியர் ஊழல் 1872-இல்தான் வெளிப்பட்டது. நம் காலத்திலும் கென்யா நாட்டில் மொம்பாசாவிலிருந்து நைரோபிக்குச் சீன வங்கிக் கடனில் போட்ட பாதையில் 2017-இல் வண்டி ஓடியது. ஒரு காலத்தில் அயல்நாட்டுக் கடனால் கொதித்தெழுந்த சீனம் இன்று கடன் தரும் நாடு. அந்தக் கொள்முதல் சட்டப்படி நடக்கவில்லை என்று 2020-இல் கென்ய மேல்முறையீட்டு நீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஒப்பந்தத்தின் சில பகுதிகளே 2022-இல் பொதுமக்கள் பார்வைக்கு வந்தன. கடன் கட்ட வேண்டியவர்கள் கடன் பத்திரத்தை ஐந்தாண்டு கழித்தே பார்க்க முடிந்தது.

நிறைவாக

இவற்றால் நாம் பெறும் தெளிவு இது. அயலார் பணமா, நம்மவர் பணமா என்று கேட்பது முறையே. ஐந்து விழுக்காட்டு உறுதியில் இந்தியா இழந்ததும், வரியை அடகு வைத்துச் சீனம் தலைகுனிந்ததும் அக்கேள்வியின் நியாயத்தைக் காட்டுகின்றன. ஆனால் அது முதல் கேள்வி மட்டுமே. பணத்தை யார் வைத்திருக்கிறார், எதற்குச் செலவிட்டார், மக்கள் முன் கணக்கு எப்போது வாசிக்கப்படும் என்பவை அடுத்த கேள்விகள். முதல் கேள்வியை உரக்கக் கேட்டு, அடுத்தவற்றை வெட்கத்தால் விழுங்கிவிட்டால், அயலார் இடத்தில் நம்மவர் அமர்ந்து அதே வேலையைச் செய்வர்.

பொதுப்பணத்தை நாம் அமானிதம் என்கிறோம். ஒருவரிடம் நம்பி ஒப்படைத்த பொருள் என்பது அதன் பொருள். நம் சமுதாயத்தில் கல்விக்கூடங்களும் அனாதை இல்லங்களும் மருத்துவமனைகளும் இப்படிப்பட்ட சிறு தொகைகளால் எழுந்தவை. தோல் விற்ற காசு, திருமண வீட்டு நன்கொடை, கப்பலில் வந்த பினாங்குப் பணம் எல்லாம் அவற்றின் சுவர்களில் இருக்கின்றன. அவற்றை நடத்தும் மூத்தோர்க்கு நாம் பணிந்து சொல்வது, கணக்குக் கேட்பவரைப் பகைவராகக் கருதாதீர்கள் என்பதே. அவர் உங்கள் நேர்மைக்குச் சாட்சியாக வருகிறார்.

மாணவர்களுக்குச் சொல்ல வேண்டியது வேறு. நாளை உங்களிடமும் ஒரு ரசீதுப் புத்தகம் தரப்படும். அல்லது ஒரு பங்குப் பத்திரம் நீட்டப்படும். நாட்டின் பெயரால், ஊரின் பெயரால், சமுதாயத்தின் பெயரால் கேட்கப்படும். மனமுவந்து கொடுங்கள், கேட்டு வாங்கியும் கொடுங்கள். அடுத்த ஆண்டு அதே கூட்டத்துக்குப் போய், வரவு செலவை வாசிக்கச் சொல்லிக் கேளுங்கள். பின்வரிசை மாணவர் எழுப்பிய வினாவுக்கு நம்மால் தர இயன்ற விடை இதுவே.